யாரும் கேட்காத கேள்வி

சில வருடங்களுக்கு முன், சிங்கப்பூருக்கு அக்கரையில் இருக்கும் தம்போயில், நாங்கள் இப்போதும் குடியிருக்கும் தாமான் வீடமைப்புப் பகுதியில் நடந்தது இது. அப்போது எனக்குத் திருமணமாகி இரண்டு வருடம். கணவர் சிங்கப்பூரில் வேலை. விடியும் முன்பே மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிடுவார். பாலோ என்ற சிற்றூரிலிருந்து வந்த எனக்கு இங்கே சொந்தம் என்று யாரும் இல்லை. வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடையில் இருந்த மூன்று இடங்கள்தான் என் உலகம்.

ஒன்று, மரத்தடியில் தேங்காய்ப்பால் சோறு விற்கும் நாசி லெமாக் கடை. நடத்துபவர் ஒரு மலாய்க்கார அம்மா. எல்லோருக்கும் அவர் மாக்சிக், அதாவது அத்தை. இரண்டாவது, ஒரு சீனப் பெரியவரின் பழ லாரி. மூன்றாவது, கடைவரிசை முனையில் ஒரு தமிழ் அக்கா வைத்திருந்த பூக்கடை. நான் உண்டானதும் மூவருக்கும் என் மேல் தனி அக்கறை வந்துவிட்டது. மாக்சிக் பொட்டலத்தில் இன்னொரு முட்டை வைப்பார். பழக்கார அங்கிள் புளிப்பு மாங்காயாகப் பார்த்து எடுத்து, "பேபி புஞ்ஞா" என்று சிரித்தபடி பையில் போடுவார். குழந்தைக்காம்!

ஏழாம் மாதத்தில் என் குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் இரண்டு மாதம் நான் வாசலைத் தாண்டவில்லை. துக்கம் ஒருபக்கம், பயம் ஒருபக்கம். "குழந்தை என்ன? ஆணா, பெண்ணா?" என்று ஒருவர் கேட்டால்கூடத் தாங்க மாட்டேன் என்று தோன்றியது. கணவர்தான் கடைக்குப் போய்வந்தார். அவர் என் முன்னால் ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடவில்லை. இவருக்கு மனசே இல்லையா என்று உள்ளுக்குள் அவர்மேல் கோபம் வேறு.

ஒரு சனிக்கிழமை காலை, வீட்டுக்குள் மூச்சு முட்டுவதுபோல் இருக்க, துணிந்து கிளம்பினேன். மாக்சிக் என்னைப் பார்த்தார். வழக்கம்போலப் பொட்டலம் கட்டி என் கையில் வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை. பழக்கார அங்கிளும் கேட்கவில்லை. தலையைக் குனிந்தபடி பப்பாளியை நிறுத்துக் கொடுத்தார். நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். மாறாக, நெஞ்சு எரிந்தது. அத்தனை பெரிய வயிற்றோடு பார்த்தவர்கள், அதற்குள்ளா மறந்துவிட்டார்கள்?

பூக்கடைக்கு வரும்போது அடக்க முடியவில்லை. "ஏன்க்கா, என் பிள்ளை என்னாச்சுன்னு ஒருத்தர்கூடக் கேக்க மாட்டீங்களா?" என்று வெடித்துவிட்டேன்.

பூக்கார அக்கா கட்டிக்கொண்டிருந்த சரத்தைக் கீழே வைத்தார். அவர் கண் நிறைந்துவிட்டது.

"மாக்சிக்தாம்மா கேக்க வேணாம்னாங்க. நீ ஆஸ்பத்திரியில இருந்தப்ப உன் வீட்டுக்காரரு தனியா அவங்க கடைக்குப் போயிருக்காரு. எங்க அவளக் காணோம்னு மாக்சிக் கேட்டதும், அங்கேயே நின்னு அழுதுட்டாராம். அன்னைக்குப் பாதியிலேயே கடைய மூடிட்டு, மாக்சிக் ஒவ்வொரு கடையா ஏறி இறங்கினாங்க. அந்தப் பொண்ணு வர்றப்ப யாரும் ஒண்ணும் கேக்காதீங்க, அதுவா சொன்னா மட்டும் கேளுங்கன்னாங்க. எனக்கு மலாய் அரைகுறை லா, ரெண்டு தடவ சொல்லிட்டுப் போனாங்க."

கணவர் அழுததும் அன்றுதான் எனக்குத் தெரியும்.

வந்த வழியே திரும்பி நடந்தேன். நாசி லெமாக் கடையில் தொழிற்சாலைச் சீருடையில் ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். என் முகத்தைப் பார்த்ததுமே மாக்சிக் கரண்டியை வைத்துவிட்டு வெளியே வந்தார். "பெண் குழந்தை, மாக்சிக்" என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடிந்தது. அவர் என்னை அணைத்துக்கொண்டு, கண்ணே கண்ணே என்பதுபோல் மலாயில் "சாயாங், சாயாங்" என்று முதுகைத் தடவினார். நான் வாய்விட்டு அழுதேன். வரிசையில் நின்ற ஒருவரும் முணுமுணுக்கவில்லை, மணி பார்க்கவில்லை. நான் அழுது முடிக்கும்வரை காத்திருந்தார்கள்.

அன்று மாலை கணவர் வந்ததும், முதல்முறையாக இருவரும் சேர்ந்து அழுதோம்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். எனக்காக ஒரு தாமானே இரண்டு மாதம் தன் வாயைத் தானே மூடிக்கொண்டிருந்ததை நினைத்தால், இது எனக்கு அந்நிய ஊர் என்று சொல்ல இன்றும் நா எழுவதில்லை.