சித்தப்பாவின் இடியன் துவக்கு

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது எங்கள் சித்தப்பா வேட்டைக்குப் போகத் தொடங்கினார். அப்பாவின் தம்பியான அவர் லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில் எங்களோடுதான் இருந்தார், மாடியில் சின்ன அறையில். கல்யாணம் செய்யவில்லை. கிழமையில் ஐந்து நாள் பஸ் ஓட்டிவிட்டு, மிச்ச நேரத்தில் தொலைக்காட்சிக்கு முன்னால் வாயைத் திறந்தபடி நித்திரை கொள்ளும் மனிதருக்கு இப்படி ஓர் ஆசை இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

காரணம் பஸ் டிப்போவில் அவரோடு வேலை செய்த ஒரு வெள்ளைக்காரர். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்த அந்த நண்பர், கென்ட் பக்கத்தில் ஒரு பண்ணையில் பயிரைத் தின்ன வரும் காட்டுப்புறாக்களைச் சுடப் போவார். அதுவும் குழலின் வாய்வழியாக வெடிமருந்தை இடித்து நிரப்பும் பழைய மாதிரித் துவக்கால். ஒரு சனிக்கிழமை சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்த சித்தப்பா சாப்பிட்டுக்கொண்டே அப்பாவிடம் சொன்னார்.

"அண்ணை, அது எங்கட இடியன்தான். கொஞ்சம் மினுக்கி வைச்சிருக்கிறாங்கள்."

இடியன் என்பது வன்னியில் பன்றி விரட்ட வைத்திருந்த நாட்டுத் துவக்கு என்று அப்பா எனக்கு விளக்கினார். அம்மா கறிச்சட்டியை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார். அம்மாவின் தம்பி ஊரில் துவக்குச் சூட்டில் இறந்துபோனவர். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு எடுப்பதில்லை.

ஆனாலும் சித்தப்பா விண்ணப்பம் போட்டார். மாதக்கணக்கில் கடிதங்கள் வந்து போயின. கடைசியில் பொலிஸ் அலுவலகத்திலிருந்து ஒரு பெண்மணி வந்து, சித்தப்பாவின் அறைச் சுவரில் பூட்டியிருந்த இரும்புப் பெட்டியை இழுத்துப் பார்த்தார். பிறகு அம்மாவிடம், வீட்டில் துவக்கு இருப்பதில் உங்களுக்கு ஆட்சேபணை உண்டா என்று கேட்டார். அம்மா இல்லை என்றார். நான் அம்மாவின் முகத்தையே பார்த்தேன். அது பொய் சொல்லும் முகமாக இருக்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த வாரங்கள்தான் எனக்கு மிகவும் பிடித்தவை. நண்பர் எழுதிக் கொடுத்த பட்டியல் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டப்பட்டது. புதியவன் கண்டதையெல்லாம் வாங்கக்கூடாது என்பது அவருடைய கொள்கை. பழைய ஒற்றைக் குழல் துவக்கு ஒன்று போதும். மருந்துக்கும், புறாவில் படும் சின்ன ஈயக் குண்டுகளான சன்னத்துக்கும் ஒரே அளவுக் கிண்ணம் போதும். மருந்து நிரப்பும் குடுவை, இடிக்கிற கோல், கம்பளி அடைப்பு, மட்டை வில்லை, நெருப்புப் பிறக்க வைக்கும் செப்புக் கேப்பு. காதுக்கும் கண்ணுக்கும் காப்பு. கறுப்பு வெடிமருந்துக்குத் தனி அனுமதியும் அறை அறையாகத் தடுத்த மரப்பெட்டியும் வேண்டும். அந்தப் பெட்டியைச் சித்தப்பா பின்வளவில் தானே செய்தார். கம்பளி அடைப்புக்குப் பதிலாகத் தேங்காய்த் தும்பு வைத்தால் என்ன என்று அவர் கேட்டதற்கு, தும்பு புகைந்துகொண்டே விழும், பண்ணைக்காரரின் வைக்கோல் எரிந்தால் நீதான் பதில் சொல்லவேண்டும் என்றார் நண்பர்.

நான் அந்த ஒழுங்கைப் பாடமாக்கினேன். மருந்து, மட்டை, கம்பளி, சன்னம், மெல்லிய மட்டை, கடைசியில் கேப்பு. பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாட்டைக்கூட நான் அவ்வளவு ஆசையாகப் பாடமாக்கியதில்லை.

முதல் மூன்று சனிக்கிழமைகளும் நான் வேலியோரம் காருக்குள் இருந்தே பார்த்தேன். நண்பர் தன் துவக்கைக் கொண்டுவராமல் சற்றுத் தள்ளி நிற்பார், சித்தப்பா சுடுவார். வெள்ளைப் புகை எழும்பி வயலின் மேல் படுக்கும். புறாக்கள் கூட்டமாகக் கிளம்பிப் போய்விடும். ஒன்றும் விழாது. புகைக்குள்ளிருந்து சிரித்துக்கொண்டு வரும் சித்தப்பாவை நான் வீட்டில் ஒருநாளும் கண்டதில்லை. "அடுத்த முறை பார்ப்போம்" என்பார் நண்பர்.

நாலாவது சனிக்கிழமை என்னைப் பக்கத்தில் வர விட்டார்கள். துவக்கைத் தொடக்கூடாது, அடைப்பும் மட்டையும் எடுத்துக் கொடுக்கலாம். அன்று பண்ணைக்காரரும் வந்திருந்தார். பெரிய சப்பாத்துகளோடு பின்னால் நின்று, மூன்று கிழமையாக ஒரு புறாவும் விழவில்லையாமே, எப்படி நிரப்புகிறீர்கள் என்று பார்க்கிறேன் என்றார்.

சித்தப்பா மருந்தை அளந்து ஊற்றினார். நான் மட்டையைக் கொடுத்தேன், கம்பளியைக் கொடுத்தேன். அவர் கோலால் இடித்தார். பிறகு மெல்லிய மட்டைக்குக் கையை நீட்டினார். சன்னப் போத்தல் பைக்குள்ளேயே இருந்தது.

"சித்தப்பா, சன்னம் போட மறந்திட்டீங்கள்."

இதை நான் ஆங்கிலத்தில் சொன்னேன். எனக்கு முதலில் வாயில் வரும் மொழி அது. சித்தப்பா என்ற ஒரு சொல்தான் அதில் தமிழ். தமிழில் சொல்லியிருந்தால் அவர் எனக்கு ஏதாவது பதில் சொல்லியிருப்பார். அங்கே வேறு யாருக்கும் விளங்கியிருக்காது.

பண்ணைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். சின்னப்பிள்ளைக்குத் தெரிந்தது உனக்குத் தெரியவில்லையே என்று சித்தப்பாவின் தோளில் தட்டினார். நண்பர் சிரிக்கவில்லை. குனிந்து தன் கையுறையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

சித்தப்பா என்னைப் பார்த்தார். கோபம் இருக்கவில்லை. "ஓம், பிள்ளை. மறந்துதான் போனன்" என்று தமிழில் சொன்னார். பைக்குள் கையைவிட்டுப் போத்தலை எடுத்து, சன்னத்தை அளந்து போட்டார். எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். புறாக்கள் திரும்பி வந்ததும் சித்தப்பா துவக்கைத் தூக்கினார்.

இந்தத் தடவை சத்தம் கனமாக இருந்தது. புகை விலகியபோது, பத்தடி தள்ளி ஒரு புறா செட்டையை அடித்துக்கொண்டு கிடந்தது. பண்ணைக்காரர் கை தட்டினார். நானும் தட்டினேன். நண்பர் போய் அதைத் தூக்கி, கழுத்தை ஒரே திருப்பில் திருகி அடக்கினார். சித்தப்பா அதை வாங்கவில்லை. பண்ணைக்காரர்தான் கொண்டுபோனார்.

வீட்டுக் கதவு திறந்ததும் நான் அம்மாவிடம் ஓடினேன். "அம்மா, சித்தப்பா ஒண்டு சுட்டவர். அவர் சன்னம் போட மறந்திட்டார், நான்தான் சொல்லிக் குடுத்தனான்."

அம்மா சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா சப்பாத்து நூலை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"பிழைதான் அண்ணி" என்றார், நிமிராமல்.

"கையைக் கழுவிப்போட்டு வாங்கோ, சாப்பாடு ஆறுது" என்றார் அம்மா.

நான் பல்கலைக்கழகம் முடித்த பிறகு ஒருநாள், வேறு ஏதோ பேச்சில், அம்மாவே இதைச் சொன்னார். "நான் உன்ர சித்தப்பாட்ட ஒண்டுதான் கேட்டனான். துவக்கு வரட்டும், ஆனா அதால ஒரு உயிரும் போகக்கூடாது எண்டு. ஓம் எண்டு சொன்னவர்." சன்னமில்லாத வெடிக்கும் பயிரைவிட்டுப் புறாக்கள் போய்விடும், சித்தப்பாவுக்கும் வயலும் புகையும் கிடைக்கும். வாக்கும் தப்பாது. நாற்பது வருடமாகச் சுட்ட அந்த நண்பருக்குச் சத்தத்திலேயே விளங்கியிருக்கும். அவர் ஒருநாளும் கேட்கவில்லை. அந்த வயலில் அது தெரியாமல் இருந்தவர்கள் இரண்டு பேர்தான், பண்ணைக்காரரும் நானும்.

அடுத்த மாதம் துவக்கு விற்கப்பட்டது. இரும்புப் பெட்டி இருந்த சுவரில் நாலு துளைகள் மட்டும் மிஞ்சின.

ஆனால் புறா விழுந்த அன்று பின்னேரம் எனக்குத் தெரிந்தது வேறு. சித்தப்பா சாப்பிட வரவில்லை. பின்வளவில் துவக்கின் குழலைக் கழற்றி, சவர்க்காரம் போட்ட சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார். நான் குசினியிலிருந்து கேத்தலில் தண்ணீர் கொதிக்கவைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முதல் கேத்தலில் கறுப்பாக வந்தது. மூன்றாவதில் தெளிந்துவிட்டது. அவர் ஐந்தாவதும் கேட்டார். துவக்கு அவ்வளவு அழுக்காகிவிட்டது என்றுதான் நான் நினைத்தேன்.