காப்புக்குக் கிடைத்த மன்னிப்பு

தைப்பூசத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது என் தம்பியைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. கிள்ளான் பக்கம் மேருவில் அவன் வேலை செய்த தொழிற்சாலையில் செம்புக் கம்பி காணாமல் போயிருந்தது. அந்த ஷிப்டில் இருந்த அத்தனை பேரையும் அள்ளிக்கொண்டு போனார்கள். அவன் காவடிக்குக் காப்புக் கட்டி விரதம் இருந்தான். லாக்கப்பில் கயிறு கூடாதாம். காப்பை வெட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டார்கள்.

நான்காம் நாள் வழக்கில்லை என்று விட்டார்கள். வந்தவன் இடது காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தான். "அறைஞ்சுகிட்டே இருந்தானுங்கக்கா. கொய்ங்னு கேக்குது."

"அதெல்லாம் சரியாயிடும். காப்பு எங்கடா?" என்று நான் கேட்டேன். பிரிக்பீல்ட்ஸில் ஒரு வக்கீல் ஆபீஸில் குமாஸ்தாவாக இருப்பவள் நான். அடிபட்டு வருகிற ஒவ்வொருவரிடமும், முதலில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சொல்வது என் வேலை.

காப்பை வெட்டியதைக் கேள்விப்பட்டு எங்கள் கோயில் தலைவர் கொதித்துப்போய் வந்தார். அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சொல்லச் சொல்ல நான் புகாரை டைப் செய்தேன். காப்பைப் பற்றி இரண்டு பக்கம், அறைந்ததைப் பற்றி ஒரே வரி.

அந்த ஒரு வரியும் அவருக்கு உறுத்தியது. "அடிச்சத இழுக்காதீங்க லா. போலீஸ்னா ரெண்டு தட்டு தட்டத்தான் செய்வான். சமய விஷயம்னாதான் பயப்படுவானுங்க."

அந்த வரியை அழித்தேன். யாரும் என் கையைப் பிடித்து அழிக்க வைக்கவில்லை.

அவர் சொன்னபடியே நடந்தது. மறுநாளே போலீஸ் அதிகாரி எங்களுக்குத் தேநீர் கொடுத்தார், காப்பை வெட்டியதற்கு மன்னிப்புக் கேட்டார், படம் எடுத்துக்கொண்டார். தலைவர் வெற்றி என்றார். எனக்கு இன்றும் அந்த ஆளைக் கண்டால் பற்றிக்கொண்டு வருகிறது. கும்பிடும் உரிமை வேண்டுமாம், கும்பிடுகிற உடம்பை யார் வேண்டுமானாலும் அடிக்கலாமாம்.

குருக்கள் பரிகாரம் செய்து புதுக் காப்புக் கட்டினார். தம்பி காவடி எடுத்தான். உறுமி மேளம் காதோரம் அதிர்ந்தபோது வலி தாங்காமல் முகத்தைக் கோணிக்கொண்டான். அருள் வந்துவிட்டது என்று சுற்றி நின்றவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள், நானும்தான்.

காதில் சீழ் வைத்த பிறகுதான் கிள்ளான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். செவிப்பறை கிழிந்திருக்கிறது என்றார் டாக்டர். எப்போது, எதனால் என்று இனிமேல் எழுதித் தர முடியாது என்றும் சொன்னார். போலீஸ் அடித்ததாக ஏதாவது புகார் இருக்கிறதா என்று கேட்டார். நான் பையிலிருந்து அந்த இரண்டு பக்கத்தை எடுத்தேன்.

தம்பி அதை வாங்கி முழுவதும் படித்தான். பின்பக்கமும் திருப்பிப் பார்த்தான்.

"என்னை அடிச்சது எங்க இருக்குக்கா?"

"நான்தான்டா எடுத்துட்டேன்" என்றேன்.

"என்ன?" என்றான்.

நான் அவனுடைய இடது பக்கம் உட்கார்ந்திருந்தேன். எழுந்து சுற்றிப் போய் வலது பக்கம் நின்று இன்னொரு தடவை சொன்னேன்.