பள்ளிக்கூடம் கட்டியவர்களைப் பற்றி மூன்று வரிகள்

முதுகலை வரலாறு இரண்டாம் ஆண்டில் எங்கள் மேடம் ஒரு தேர்வுக்குப் பதிலாக வேறு வேலை கொடுத்தார். யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம் என்று இணையத்தில் ஒரு கலைக்களஞ்சியம் இருக்கிறதல்லவா, அதில் நம் பக்கத்து ஊர்க் கட்டுரைகள் எல்லாம் நாலு வரியில் நிற்கின்றன, நாலு நாலு பேராகச் சேர்ந்து குழுவுக்கு ஓர் ஊரைச் சரிசெய்யுங்கள் என்றார். வகுப்பே முனகியது. நான் மட்டும் குதித்தேன். எதிலாவது தலைமை தாங்கக் கிடைத்தால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம். அந்த வயதில் அப்படி ஒரு ஜென்மம் நான்.

எங்கள் ஊரையே எடுத்துக்கொண்டேன். திண்டிவனத்திலிருந்து ஒலக்கூர் பக்கமாக உள்ளே தள்ளி இருக்கும் ஊர். குழுவில் இருந்த மற்ற இரண்டு பேரில் ஒருவன் போட்டோ எடுத்தான், இன்னொருவன் எல்லோருக்கும் வடை வாங்கி வந்தான். மிச்ச வேலை முழுவதும் நானும் என் தோழியும்தான் செய்தோம்.

அவளுக்கும் அதே ஊர். நான் ஊர்த்தெரு, அவள் காலனி. ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பஸ், பக்கத்துப் பக்கத்து சீட்டு. என் டிபன் பாக்ஸில் பாதி அவளுக்கு. அவள் கொண்டுவரும் வேகவைத்த மல்லாட்டையில் பாதிக்கு மேல் எனக்கு; வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். ஆனால் அவள் எங்கள் வீட்டுக்குள் வந்ததில்லை. நானும் வாடி என்று கூப்பிட்டதில்லை. அது ஒரு குறையாகவே அன்று எனக்குத் தோன்றவில்லை, வெட்கக்கேடு.

அவளுடைய அப்பாவை என்னவென்று கூப்பிடுவது என்றும் எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைகள்கூட அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடும். அது என் வாயில் வரவில்லை. மாமா என்று சொல்ல எங்கள் தெருவில் வழக்கமில்லை. அதனால் எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே அவரிடம் பேசிப் பழகிவிட்டேன்.

கட்டுரையில் ஏரி, கோயில், மக்கள்தொகை எல்லாம் முடித்துப் பள்ளிக்கூடத்துக்கு வந்தோம். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் சுவரில் ஒரு கல்வெட்டு உண்டு. கட்டடம் கட்டிக் கொடுத்தவர்கள் என்று ஐந்து பேர் பெயர். அதில் மூன்றாவது பெயர் என் அப்பாவின் அப்பாவுடையது. போட்டோ எடுத்துச் சேர்த்தோம், பெயர்களை எழுதினோம். அப்போதுதான் தோழி சொன்னாள்.

"ஏய், அந்தச் செங்கல்லு எல்லாம் எங்க ஆளுங்கதான்டி சொமந்தாங்க. வூட்டுக்கு ஒரு ஆளு. கூலி கெடையாது. எங்கப்பா அப்ப சின்னப் பையன், அவரே தலையில ரெண்டு கல்லு வச்சிகினு ஓடனாராம். அதையும் போடலாமே?"

மூன்று வரி எழுதிக் கொடுத்தாள். நல்ல வரிகள்தான். மேடத்திடம் காட்டினோம். "உண்மையா இருக்கலாம்மா. ஆனா அச்சுல வந்த சான்று வேணும். வாய்வழியா சொன்னத அங்க ஏத்துக்க மாட்டாங்க. எதுக்கும் போட்டுப் பாருங்க, என்ன சொல்றாங்கன்னு தெரியும்" என்றார். போட்டுப் பாருங்க என்று அவர் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை. அச்சில் இருந்தால்தான் ஆகும் என்று தோழியிடம் முடிவாகச் சொல்லிவிட்டேன். அவள் அதை அப்படியே போய் அவள் அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள்.

பத்து நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை காலை, அவர் என்னைத் தேடி பஸ் ஸ்டாப்புக்கு வந்தார். நான் தனியாக நின்றிருந்தேன். அவர் அக்குளில் ஒரு காகிதக் கட்டு. திண்டிவனத்தில் நோட்டீஸ் அடிக்கும் அச்சகத்துக்குப் போய், கோயில் திருவிழாவுக்கு அடிப்பது மாதிரியே மஞ்சள் காகிதத்தில் அடித்து வந்திருந்தார். மேலே 'நமதூர் பள்ளிக்கூடம் கட்ட செங்கல் சுமந்தவர்கள்' என்று கொட்டை எழுத்து. கீழே வரிசையாகப் பெயர்கள். வீடு வீடாகப் போய், சண்டை போட்டுப் பேசாமல் இருந்த வீடுகளுக்குக்கூடப் போய்க் கேட்டு எழுதி வந்திருக்கிறார். செத்துப்போனவர்களின் பெயருக்கு முன்னால் 'லேட்' என்று போட்டிருந்தது. பாதிக்கு மேல் லேட்தான்.

"அச்சுல இருந்தாதான் ஏத்துவாங்கன்னு பாப்பா சொல்லிச்சி. இந்தா, அச்சுல வந்துருச்சி" என்றார். "எல்லார் பேரும் வேணாம்மா. எடம் இருக்காது. இந்த மாதிரி சொமந்தாங்கன்னு மட்டும் போட்டாப் போதும். வூடு வூடா சொல்லிட்டு வந்துட்டேன், கம்பீட்டர்ல வரப்போவுதுன்னு."

நாமே அடித்த நோட்டீஸ் சான்றாகாது என்று அந்த மனுஷனிடம் எப்படிச் சொல்வது? சொல்லியிருக்க வேண்டும். ஐயோ, சொல்லித் தொலைத்திருக்க வேண்டும். நான் சிரித்துக்கொண்டே, "நேத்தே போட்டாச்சே" என்றேன்.

போனை எடுத்துக் காட்டவும் செய்தேன். அந்தக் களஞ்சியத்தில் எழுதிப் பழக ஒவ்வொருவருக்கும் ஒரு சோதனைப் பக்கம் தருவார்கள். பார்க்க அசல் கட்டுரை மாதிரியே இருக்கும், ஆனால் ஊர்ப்பெயரைத் தேடுகிற யாருக்கும் அது வராது. தோழியின் மூன்று வரியை என்னுடைய சோதனைப் பக்கத்தில் முன்பே எழுதிப் பார்த்திருந்தேன். அவர் மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். எழுத்துக்கூட்டி, உதடு அசைய, முழுவதும் படித்தார். திரையைத் தொடாமல், விரலை ஓர் அங்குலம் தள்ளி வைத்தே படித்தார். முடித்ததும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நல்லா இரும்மா" என்றார்.

அவர் போன பிறகு நிஜமாகவே போட்டிருக்கலாம். யாராவது எடுத்தால் எடுத்துவிட்டுப் போகட்டும். நான் போடவில்லை. சான்று இல்லை என்பது பாதிக் காரணம்தான். கல்வெட்டில் தாத்தா பெயர் இருக்க, கூலி இல்லாமல் சுமந்தார்கள் என்று அதற்குக் கீழேயே நான் எழுதினால் எங்கள் அப்பா என்ன சொல்வாரோ என்ற பயம் மீதிப் பாதி. அப்பா அந்தப் பக்கத்தைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார். இல்லாத அடிக்குப் பயந்து முதுகை மறைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் வகுப்பில் ஒவ்வொரு குழுவாகத் தங்கள் கட்டுரையைத் திரையில் காட்டி விளக்க வேண்டும். விழுப்புரத்திலிருந்து ஒரு பேராசிரியர் பார்க்க வந்திருந்தார். நான்தான் பேசினேன். ஏரி வந்தது, கோயில் வந்தது, கல்வெட்டு போட்டோ வந்தது, ஐந்து பெயர்கள் வந்தன. அடுத்து நேராக அஞ்சலகம். கைதட்டினார்கள். விழுப்புரத்துப் பேராசிரியர் கல்வெட்டைப் பிரமாதம் என்றார். தோழி திரைக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தாள். அவளைத் திரும்பிப் பார்க்காமல் முழுவதும் பேசி முடித்தேன்.

சாயங்காலம் பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். போனை நோண்டிக்கொண்டே வந்தாள். அந்தக் களஞ்சியத்தில் எதையும் மறைக்க முடியாது. யார், எப்போது, என்ன எழுதினார்கள், எதை அழித்தார்கள் என்பதெல்லாம் வரலாறு என்ற பட்டனை அழுத்தினால் வரும். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே அதுதான்.

"யாரோ எடுத்துட்டாங்கன்னு நெனச்சேன்டி" என்றாள். "நீ போடவே இல்ல."

"நாளைக்கு நானே வந்து உங்கப்பா கிட்ட சொல்லிடறேன்" என்றேன்.

"ஒண்ணும் வேணாம்." அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் திருப்பிக் கத்தி, அழுது, அன்றே முடிந்திருக்கும். "நீ சொல்லிட்டு லேசாயிடுவ. அவரு? உன்ன மலையா நம்பிகினு இருக்காரு. தெருவே கேக்குது, எங்க காணோம் காணோம்னு. யாரோ எடுத்துட்டாங்கன்னு நான் சொல்லிக்கிறேன். உன் வாயத் தொறக்காத."

மறுநாளிலிருந்து அவள் ஒரு பஸ் முன்னாலேயே போக ஆரம்பித்தாள். படிப்பு முடிய நான்கு மாதம் இருந்தது. வகுப்பில் பேனா கேட்டால் கொடுப்பாள், நோட்டு கேட்டால் கொடுப்பாள். மல்லாட்டை மட்டும் கொண்டுவரவில்லை. பிறகு அவள் ஆசிரியர் வேலை கிடைத்து செஞ்சிப் பக்கம் போய்விட்டாள். அவள் கல்யாணத்துக்குக் காலனியில் வீடு தவறாமல் பத்திரிகை வைத்தார்களாம். எங்கள் வீட்டுக்கு வரவில்லை. யாரைப் போய்க் குறை சொல்ல? நானே தேடிக்கொண்டது.

அந்தக் கட்டுரையை இன்றைக்கும் அவ்வப்போது திறக்கிறேன். திருத்து என்பதை அழுத்தி அந்த மூன்று வரியை எழுதுகிறேன். சேமிக்காமல் மூடிவிடுகிறேன். இப்போது போட்டால் இத்தனை நாள் இல்லை என்பது தேதியோடு பதிவாகிவிடும். அதைப் பார்த்து யார் கேட்கப் போகிறார்கள் என்றும் தோன்றுகிறது. ஆனாலும் கை வரவில்லை.

அவள் அப்பாவைக் கடைசியாகப் பார்த்தது படிப்பு முடிந்த அந்தக் கோடையில். அரிசி மண்டிக்கு வெளியே, வண்டியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மூட்டையை இறக்கிவைத்துவிட்டு வந்தார். நான் அப்படியே திரும்பி ஓடிவிடலாமா என்று பார்த்தேன்.

"பாப்பா சொல்லிச்சிம்மா. எவனோ எடுத்துட்டானாமே" என்றார். குரலைத் தாழ்த்தி, ரோட்டில் எங்கள் தெரு ஆட்கள் யாராவது வருகிறார்களா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார். "போவட்டும் வுடு. நீ போட்ட, நான் என் கண்ணால பார்த்தேன், அது போதும். இன்னா, ஒரே ரோசனையாவே இருக்குது எனக்கு. எங்க பேரப் போட்டன்னு உங்க வூட்ல உன்ன எதுனா சொன்னாங்களாம்மா? எங்களால உனக்கு எதுனா பேஜாரா?"

இல்லை என்று தலையாட்டினேன். அவருக்கு முகம் தெளிந்துவிட்டது. அப்பாடா என்று சொல்லிவிட்டு, மூட்டையைத் தூக்கப் போனார்.