சொல்லாமல் அனுப்பிய வண்டி

மாமா பானெட்டை அறைந்து சாத்தியபோது என் இடது கை உள்ளே இருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, அந்தச் சத்தத்தையும் மீறி, காய்ந்த குச்சி ஒடிவதுபோல ஒன்று கேட்டது. வலி வருவதற்கு முன்பே அது என் மோதிர விரல் என்று தெரிந்துவிட்டது. கையை உருவ முடியாமல் குனிந்து நின்றேன். அவர் பானெட்டின் மேல் இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றிக்கொண்டு, "இன்னிக்கு மூணாவது நாளு மச்சான். இன்னும் எத்தினி நாளு என்னை அலைய வுடப் போற?" என்று கேட்டார். குரலில் கோபம்கூட இல்லை. ஏதோ சந்தேகம் கேட்பவர்போலக் கேட்டுவிட்டு, பிறகுதான் கைகளை எடுத்தார்.

அவர் என் அக்காவின் கணவர். கடலூர் செம்மண்டலத்தில் வீடு. ஒரு பழைய அம்பாசடரை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை அழைப்புக்கு அந்தக் காரைத்தான் கேட்டு வருவார்கள். வெள்ளைச் சட்டையில், யாரிடமும் அதிர்ந்து பேசாமல், வயதானவர்களைக் கைபிடித்து இறக்கிவிடுவார். உன் மாமா மாதிரி தங்கமான மனுஷன் உண்டா என்று என்னிடமே சொன்னவர்கள் இருக்கிறார்கள். வீட்டுக்குள் அவர் வேறு ஆள். குழம்பில் உப்பு, தாமதமாகத் திறந்த கதவு, பக்கத்து வீட்டுப் பெண்ணோடு இரண்டு வார்த்தை, எதுவும் போதும் அவர் கை நீள. ஒருமுறை அக்காவின் காது கிழிந்து தோடு தரையில் கிடந்தது. எங்கள் அப்பா இருந்தவரை, அனுசரித்துப் போகச் சொல்லி அவளைத் திருப்பித் திருப்பி அனுப்பினார். அப்பா போன பிறகு நான் அதையே வேறு சொற்களில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சிதம்பரத்தில் புறவழிச் சாலை ஓரம் என் ஒர்க்‌ஷாப். மாமாவின் காரில் எஞ்சின் தேய்ந்து போனதும், உடைக்கப் போட்டிருந்த இன்னொரு காரின் எஞ்சினை வாங்கி நான்தான் மாற்றிப் பொருத்தினேன். முதல் முறை சாவியைத் திருப்பியபோதே வண்டி குளிர் காய்ச்சல்காரனைப்போல நடுங்கியது. நின்ற இடத்தில் எஞ்சின் தடுமாறும், கியர் போட்டால் குதிக்கும், சில சமயம் அணைந்தே போகும். பிளக்குகளை மாற்றினேன். ஒவ்வொரு பிளக் ஒயராகக் கழற்றி எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்த்தேன். நான்குமே வேலை செய்தன. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி மாட்டினேன். நடுக்கம் நிற்கவில்லை. முதல் நாள் மாலை, இரண்டு வாடிக்கையாளர்கள் பார்த்துக்கொண்டிருக்க மாமா என் கன்னத்தில் அறைந்தார். இரண்டாம் நாள் ஜாக்கிக் கம்பியை எடுத்துத் தன் காரின் முகப்பு விளக்கையே அடித்து நொறுக்கினார். கண்ணாடித் தூள் என் முடிக்குள் விழுந்தது. நான் குனிந்து பெருக்கினேன்.

மூன்றாம் நாள் காலை அக்காவையும் பஸ்ஸில் கூட்டி வந்திருந்தார். அவள் இடது கன்னம் வீங்கி, கண் பாதிதான் திறந்திருந்தது. அன்று விடியற்காலை மாமா அவள் செல்போனைச் சுவரில் அடித்து உடைத்துவிட்டு, அதன் பிறகு அவளை அடித்திருக்கிறார். என் விரலில் கழிவுத் துணியைச் சுற்றிக் கட்டியபோதுதான் அதைச் சொன்னாள், வேறு யாருக்கோ நடந்ததுபோல. டாக்டரிடம் போகச் சொன்னாள். நான் போகவில்லை. அன்றைக்கும் வண்டி சரியாகாவிட்டால் மிச்ச அடி யார்மேல் விழும் என்று எனக்குத் தெரியும். மாமா அவளைப் பஸ் பிடித்து வீட்டுக்குப் போகச் சொல்லி விரட்டிவிட்டு எதிர் டீக்கடைக்குப் போனார்.

ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையை எஞ்சின்மேல் இடம் இடமாக நகர்த்தினேன். பின்பக்கம் ஒரு மூலையில் உஸ்ஸென்று காற்று இழுக்கும் சத்தம் கேட்டது. எஞ்சினிலிருந்து பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த குழாய் அது. எஞ்சின் அதன் வழியாகக் காற்றை உறிஞ்சுவதால்தான் மிதிக்கிற காலுக்குப் பலம் கூடுகிறது. அடிப்பக்கம் விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. சங்கிலியில் கட்டி எஞ்சினை இறக்கியபோது நசுங்கியிருக்க வேண்டும். தப்பு என்னுடையதுதான். உறுதி செய்துகொள்ளக் குழாயை எஞ்சினிலிருந்து பிடுங்கி, அந்தத் துளையை ஒரு போல்ட்டால் அடைத்தேன். மறு நொடி நடுக்கம் நின்றது. ஆனால் பிரேக் கல்லாகிவிட்டது. இரண்டு ஆள் பலத்தோடு மிதித்தால்தான் வண்டி நிற்கும். புதுக் குழாய் வாங்கி வந்து மாட்டும்வரை அதை ஓட்டக் கூடாது.

சத்தம் மாறியதைக் கேட்டு மாமா சாலையைக் கடந்து வந்தார். என் தோளைப் பிடித்து ஒதுக்கித் தள்ளிவிட்டு, பானெட்டை மூடி ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். கண்ணாடியைத் திருப்பி வைத்துத் தலை வாரிக்கொண்டார். பிரேக் இல்லை என்று சொல்ல அவ்வளவு நேரம் இருந்தது. நான் வாய் திறக்கவில்லை. மறந்துவிட்டேன், பயந்துவிட்டேன் என்றெல்லாம் பின்னால் பலரிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய். அக்காவின் பாதிக் கண் என் முன்னால் இருந்தது. போகட்டும் என்றுதான் நினைத்தேன்.

கார் வாசலைத் தாண்டியது. தெருமுனை பஸ் நிறுத்தத்தில் வேகம் குறைந்து, நிறுத்தத்தையும் தாண்டிப் போய் நின்றது. பஸ் வராமல் அங்கேயே காத்திருந்த அக்கா முன்கதவைத் திறந்து ஏறினாள்.

நான் கத்தியது அவர்களுக்குக் கேட்கவில்லை. மோட்டார் சைக்கிளை எடுத்தேன். ஒவ்வொரு முறை கிளட்சைப் பிடித்தபோதும் உடைந்த விரல் வழியாக வலி தோள்வரை ஏறியது. கடலூர் சாலையில் கண்ணுக்கெட்டும் தூரத்தில் கார் தெரிந்தது, ஹாரனை அழுத்திக்கொண்டே போனேன். முன்னால் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று வலப்பக்கம் திரும்ப மெதுவானது. காரின் பின்விளக்கு சிவப்பாக எரிந்தது. எரிந்தபடியே கார் ஓடியது. டிரெய்லரின் பின்புறத்தில் மோதியது, கரும்புக் கட்டுகள் கண்ணாடியைப் பிளந்துகொண்டு உள்ளே போயின.

அக்கா பக்கத்துக் கதவு மடங்கி மாட்டிக்கொண்டது. ஸ்பேனரால் கண்ணாடியை உடைத்து அவளை இழுத்தேன். நெற்றியிலிருந்து கழுத்துவரை ரத்தம். மாமாவின் தொடை ஸ்டியரிங்குக்குக் கீழே நசுங்கிக் கிடந்தது. தாடை பிளந்திருந்தது. அந்த வாயோடு அவர் என்னைப் பார்த்து, "இன்னாடா பண்ண என் வண்டிய?" என்றார். பிரேக்குக்குப் போகும் குழாயை அடைத்திருந்தேன் என்றேன். சொல்ல வேண்டிய சொல், தெருமுனை தாண்டி, ரத்தத்துக்கு நடுவில் வந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டிருந்த அக்கா கையை எடுத்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் விசாரித்தபோது, தம்பி ஓட்ட வேண்டாம் என்று தடுத்தான், அவர்தான் கேட்காமல் எடுத்து வந்தார் என்று அக்கா எழுதிக் கொடுத்தாள். போலீஸ்காரர் போனதும் நான் அவள் காலடியில் உட்கார்ந்தேன். நெற்றித் தையலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நிதானமாகச் சொன்னாள்: "அவரு கையால அடிப்பாரு. நீ வாய மூடிக்கினு அடிச்ச. ரெண்டும் என் மேலதான் வுழுந்துச்சு."

அதன் பிறகு அவள் செம்மண்டலத்துக்குத் திரும்பவில்லை. என் வீட்டுக்கும் வரவில்லை. சிதம்பரத்தில் ஒரு பெண்கள் விடுதியில் வார்டனாகச் சேர்ந்து அங்கேயே தங்கிவிட்டாள். மாமாவால் அப்புறம் கார் ஓட்ட முடியவில்லை. தன் தம்பி வீட்டில் ஊன்றுகோலோடு இருக்கிறார். பிரேக்கை நான் வேண்டுமென்றே கெடுத்து அனுப்பினேன் என்று அவர் ஊரெல்லாம் சொன்னது முழுக்கப் பொய்யில்லை என்பதால் நான் யாரிடமும் மறுத்துப் பேசவில்லை. இரண்டு வருஷம் அக்கா என்னோடு பேசவில்லை. பிறகு பேசினாள், விசேஷங்களில் பார்த்தபோது, தேவைக்கு மட்டும்.

போன மாதம் ஒரு உறவினர் சாவுக்குப் போய்த் திரும்பும்போது நல்ல மழை. பஸ் நிறுத்தத்தில் முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு அக்கா நின்றிருந்தாள். என் காரை நிறுத்திக் கதவைத் திறந்தேன். அவள் ஏறவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் சொன்னேன்: "பின்னாடி ஒரு டயர் தேஞ்சிருக்குது, மழையில கொஞ்சம் வழுக்கும். வைப்பர் ஒண்ணு சரியா துடைக்கல. மத்ததெல்லாம் காலையில பாத்துட்டேன்க்கா."

அவள் பின்பக்கம் போய் அந்த டயரைக் குனிந்து பார்த்தாள். பிறகு ஏறி உட்கார்ந்து, புடவையைப் பிழிந்துவிட்டு, "மெதுவா போ" என்றாள்.