அடி தெரிகிற ஏரி

இன்று மாலை இங்கே மலேசியாவில், பாசிர் பெனம்பாங் மீனவக் கிராமத்தில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது, ஜெர்மனியில் படிக்கும் மகள் வீடியோவில் அழைத்தாள்.

"அப்பா, திடீர்னு கெளம்பி ஏரிக்கு வந்துட்டோம்!"

மரப் படகுத்துறையின் விளிம்பில் நின்று தண்ணீரைக் காட்டினாள். அடியில் கிடந்த கூழாங்கற்கள்கூடத் தெரிந்தன.

"முழங்கால் தண்ணிதான்பா. குதிக்கப் போறேன்."

அவளுக்கு நீச்சல் தெரியாது.

எண்பதுகளில் நானும் அங்கேதான் படித்தேன். ஒரு கோடைச் சனிக்கிழமை, நண்பர்களோடு இதேபோல் யோசிக்காமல் ரயிலேறி ஓர் ஏரிக்குப் போனேன். கோல சிலாங்கூர் எஸ்டேட்டில் வளர்ந்தவன் நான். எங்கள் ஆறும் வாய்க்காலும் பால் தேத்தண்ணி நிறம். அடி தெரிந்தால் முழங்காலுக்கு மேல் ஆழமில்லை என்பதுதான் எங்கள் கணக்கு. அந்தக் கணக்கை நம்பிக் குதித்தேன். கால் தரையைத் தொடவே இல்லை. படகில் வந்த ஓர் அம்மாள் துடுப்பை நீட்டியிராவிட்டால் இந்தப் பதிவே இல்லை.

"குதிக்காதே! ஆழம்! பின்னால போ!" என்று கத்தினேன்.

படம் அப்படியே நின்றுவிட்டது. லைன் போய்விட்டது. மறுபடி அழைத்தேன். எடுக்கவில்லை. இன்னொரு முறை. எடுக்கவில்லை. மீன்காரச் சீனர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

அப்புறம் போன் அடித்தது.

"நான் குதிக்கலப்பா. ஆனா நீங்க கத்துன கத்துல, நீந்திக்கிட்டிருந்த மூணு வெள்ளைக்காரங்க கரையேறிட்டாங்க!"

எங்கள் ஆறு கலங்கல்தான், ஆனால் அடியைக் காட்டி ஏமாற்றாது; இனி யாராவது வந்து குறை சொல்லிப் பாருங்கள் லா.