அழித்த பிறகும் படித்தவர்கள்

அந்த அறையில் அவளைச் சின்னக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு சாயங்காலம் அந்தப் பெயரைப் பிடுங்கிவிட்டுக் கோள்மூட்டி என்று வைத்தார்கள். வைத்தவள் அவளுடைய நாத்தனார். அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவளும் அவளே.

கீழே கிடங்கு, மேலே இவர்களுடைய அறை. இணையத்தில் மிக்ஸியோ போர்வையோ வாங்கி ஏமாந்தவர்கள் எழுதும் புகார்களுக்கு, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பதில் அடிப்பார்கள். செல்பேசி அவரவர் சொந்தம். நாற்காலி மட்டும் நிறுவனத்துடையது. கழிப்பறைக்குப் போக மேலாளரைப் பார்த்துக் கை தூக்க வேண்டும். பிள்ளை பெற்று வளர்த்த பெண்கள் கை தூக்கிக்கொண்டு நிற்பார்கள். அவர் கணினியிலிருந்து தலை எடுக்க மாட்டார்.

வேலையில் சேரும்போதே நிறுவனத்தின் விசைப்பலகைச் செயலியைப் போட்டுக்கொள்ளச் சொல்வார்கள். அருமையான செயலி, அதையும் சொல்லிவிட வேண்டும். ஓர் எழுத்தைத் தட்டினால் ‘தங்களுக்கு நேர்ந்த சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்று முழு வாக்கியமும் வந்து விழும். வருந்துவதற்கு இதைவிடச் சுலபமான வழி கிடையாது. அதைப் போடும்போது, ‘நீங்கள் அடிக்கும் அனைத்தையும், கடவுச்சொல் உட்பட, இது சேகரிக்கக்கூடும்’ என்று செல்பேசி எச்சரிக்கும். அந்தக் கட்டடத்தில் அவர்களுக்குச் சொல்லப்பட்ட ஒரே உண்மை அதுதான். அதைத்தான் ஒருத்தியும் படிக்கவில்லை. ‘சரி’ என்று அழுத்தினார்கள்.

சின்னக்காவின் பக்கத்து நாற்காலியில் மாசமாக இருந்த ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஒருநாள் நெடுநேரம் கை தூக்கியும் பலனில்லாமல், கணவனுக்கு அடித்தாள்: ‘பாத்ரூமுக்குக்கூட விடல. தொழிலாளர் ஆபீசுல எழுதிக் குடுக்கப் போறேன்.’ அடித்ததும் பயம் வந்தது. அனுப்பாமல் முழுவதையும் அழித்தாள். சின்னக்கா அதைக் கண்ணால் பார்த்தாள்.

சாயங்காலம் மேலாளர் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார். “தொழிலாளர் ஆபீசுக்குப் போறீங்களாமே? தாராளமா போங்க. இங்க மட்டும் திரும்பி வராதீங்க.”

அனுப்பாத செய்தி. திரையைப் பார்த்தவள் ஒருத்தி. கணக்கு முடிந்துவிட்டது.

“மாசமா இருக்கிறவ வயித்துல அடிச்சிட்டியே அண்ணி,” என்றாள் நாத்தனார், அறையே கேட்க. “சூப்பர்வைசர் ஆகணும்னா என்கிட்ட சொல்லியிருக்கலாமே, நானே சிபாரிசு பண்ணியிருப்பேனே.”

“நான் சொல்லலடி.”

“அப்ப அவளோட போன் போய்ச் சொல்லிச்சா?”

எல்லாரும் சிரித்தார்கள். வேலை போன பெண் சிரிக்கவில்லை. சின்னக்காவை ஒருமுறை பார்த்துவிட்டுப் படியிறங்கிப் போனாள். வீட்டில் சின்னக்காவின் கணவரோ, “என் தங்கச்சி சும்மா ஒண்ணு சொல்ல மாட்டா,” என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தார்.

பெண்கள் பழைய வாட்ஸ்அப் குழுவைக் கலைத்து, அவளை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்று தொடங்கினார்கள். அதில் பேசியதும் மேலாளர் காதுக்குப் போனது. உடனே இன்னொருத்தியைச் சந்தேகித்து மூன்றாவது குழு. அதிலும் அதே கதை. குழுவை மாற்றினார்கள், சிம்மை மாற்றினார்கள், உட்காரும் இடத்தையும் மாற்றினார்கள். அத்தனை குழுக்களிலும் அடித்தது நிறுவனம் கொடுத்த அதே விசைப்பலகையில். ஒருத்தி இன்னொருத்தியைச் சந்தேகிக்கும் வரை முதலாளிக்குக் காவல்காரன் தேவையில்லை.

சின்னக்கா அழுது முடித்த பிறகு யோசித்தாள். அவள் அனுப்பவில்லை, நான் சொல்லவில்லை, அப்படியானால் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. செல்பேசி அமைப்புகளைத் தோண்டினாள். விசைப்பலகைக்கு இணைய அனுமதி இருந்தது. எழுத்தைத் திரையில் போடுகிற சாமானுக்கு இணையத்தில் என்ன வேலை?

சந்தேகம் போதாது, சோதித்துப் பார்த்தாள். கழிப்பறைக்குள் நின்று, குறிப்பேட்டுச் செயலியில், ‘நாளைக்குப் பத்திரிகைக்காரங்க கழிப்பறையைப் படம் எடுக்க வராங்க’ என்று அடித்து அழித்தாள். மறுநாள் அங்கே தாழ்ப்பாள் வந்திருந்தது. சோப்பும் வந்திருந்தது.

“அந்த சோப்பு நான் அடிச்ச பொய்க்கு வந்தது,” என்று நாத்தனாரிடம் சொன்னாள்.

“அதையும் நீயே போய்ச் சொல்லியிருப்ப.”

“சரி, நீ அடி. என்கிட்ட காட்டாத, யார்கிட்டயும் சொல்லாத. அடிச்சிட்டு அழி.”

நாத்தனார் முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பி நின்று எதையோ அடித்தாள். மறுநாள் மேலாளர் அவளை அழைத்தார். வெளியே வந்தவள் நேராகச் சின்னக்காவிடம் ஓடினாள்.

“வேற கம்பெனியில வேலை கெடச்சிருக்காமேன்னு கேக்கறான் அண்ணி. நான் அதத்தான் அடிச்சேன்.”

மன்னிப்பு வரும் என்று சின்னக்கா காத்திருந்தாள். “போன வாரம் என் பேங்க் பாஸ்வேர்டு அடிச்சேனே!” என்ற அலறல்தான் வந்தது.

சின்னக்கா வேறு விசைப்பலகை தேடிப் போட்டாள். நிரலை எவரும் திறந்து படிக்கலாம், இணைய அனுமதியே கேட்காது, காசும் கிடையாது. ஆனால் அதைச் செய்தவர்கள், வீட்டுக்கு நல்ல பூட்டைப் போட்டுவிட்டுக் கதவுக்குக் கைப்பிடி வைக்க மறந்திருந்தார்கள். ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழில் வரும் வசதி இல்லை. சொல்லை முடித்துக் கொடுக்காது. எழுத்துகள் பழகிய இடத்தில் இல்லை. வேகம் குறைந்தது, எச்சரிக்கை வந்தது, மேலாளர் எல்லார் முன்னாலும் நிறுத்தி வைத்துத் திட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். வழக்கமான பதில்களை அந்தச் செயலியின் அகராதியில் ஒவ்வொன்றாகத் தானே ஏற்றி, சுருக்கெழுத்து வைத்து, இழந்த வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மீட்டாள்.

மற்றவர்களோ, விஷயம் தெரிந்த பிறகும் பழையதையே வைத்துக்கொண்டார்கள். “நம்மகிட்ட மறைக்க என்ன இருக்கு சின்னக்கா?” பழைய பெயர் திரும்பி வந்திருந்தது, எதுவுமே நடக்காதது போல. கழிப்பறைக் கதவைத் தாழிட்டுக்கொள்ளத் தெரிந்தவர்கள் கேட்ட கேள்வி இது. வசதிக்கு வாலாட்டுகிறவர்களிடம் என்ன பேசுவது? அவளுக்கு அந்த அறையின் நற்சான்றிதழ் வேண்டியிருக்கவில்லை. படியிறங்கும்போது தன்னைப் பார்த்துவிட்டுப் போன அந்த ஒருத்தி உண்மையைத் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். நாத்தனாரின் கையைப் பிடித்துத் தரதரவென்று வேலை போன பெண்ணின் வீட்டுக்கு இழுத்துப் போனாள்.

அவள் உள்ளே வரச் சொல்லவில்லை. நிலைப்படியில் வயிற்றைத் தாங்கிக்கொண்டு நின்றாள்.

“இவங்க சொல்லல,” என்றாள் நாத்தனார் தரையைப் பார்த்து. “கீபோர்டு சொல்லியிருக்கு.”

அவள் நம்பாமல் பார்த்தாள். சின்னக்கா கை நீட்டி அவளுடைய செல்பேசியை வாங்கினாள். திரையில் அதே விசைப்பலகை. வேலையிலிருந்து துரத்தியவர்கள் இதைத் துரத்தவில்லை. வேலை போன நாளிலிருந்து கணவனோடு போட்ட சண்டை, டாக்டரிடம் கேட்ட சந்தேகம், அம்மாவிடம் கேட்ட கைமாற்று, எல்லாம் அந்த மேலாளரின் மேசைக்குப் போய்க்கொண்டிருந்தன.

அந்தப் பெண் செல்பேசியைப் பிடுங்கி, சின்னக்கா காட்டிய இடத்தில் அழுத்தி, அந்தச் செயலியைத் தானே நீக்கினாள்.

“சரி, நீங்க சொல்லல. உங்கள தப்பா நெனச்சேன்,” என்றாள். “இப்பதான் எல்லாம் தெரிஞ்சுபோச்சே. நீங்க ரெண்டு பேரும் இன்னும் அங்கதானே போறீங்க?”

நாத்தனார் செருப்பைத் தேடினாள்.

“போறோம்,” என்றாள் சின்னக்கா. கதவு சாத்தப்பட்டது.