வரி கட்டியாச்சா?

அப்பா இறந்து இரண்டு வாரம். பன்னிரண்டு மாடுகளை விலை பேசி முடித்த வியாபாரி, கொட்டகைக் கடைசியில் நின்ற கிழப் பசுவைப் பார்த்தார்.

"இது பால் வத்திப் போச்சும்மா. அடிமாட்டுக்குத்தான் போகும். சேத்து ஏத்திடவா?"

"சாயங்காலம் சொல்றேன்" என்றாள் மகள். பாசனப் பொறியாளர் அவள். எதையும் தள்ளிப்போட்டுப் பழக்கமில்லை.

அந்தப் பசுவின் பெயர் வரி.

முப்பது வருடம் அந்தக் களிமண்ணில் கோதுமை மட்டுமே விதைத்தவர் அப்பா. மணியைக் கடித்தே ஈரம் எவ்வளவு என்பார்; அவள் கருவியில் வைத்துப் பார்த்தாலும் அதேதான் வரும். ஆனால் விவசாயம் கட்டுப்படியானதற்குக் காரணம் மண் அல்ல. வெளிநாட்டுக் கோதுமைக்குத் துறைமுகத்தில் போட்டிருந்த வரி. பிறகு இரண்டு விளைச்சல் பொய்த்தது. ரொட்டி விலை ஏறி, நகரத்தில் ரொட்டிக்கடை வாசல்களில் அடிதடி. இப்படியே போனால் கூலியையும் ஏற்ற வேண்டுமே என்று ஆலை முதலாளிகளும் சேர்ந்து கத்தினார்கள். அரசாங்கம் வரியை எடுத்துவிட்டது. கப்பல் கோதுமை வந்து குவிந்தது; விலை சரிந்தது. அதில் சுட்ட ரொட்டியைத் தின்று பார்த்த அப்பா, "துரோகி, ருசியாத்தான் இருக்கான்" என்றார்.

மண்ணைச் சோதித்து அவள்தான் சொன்னாள். "இனி கோதுமை வேணாம்ப்பா. புல் விடுங்க, மாடு வாங்குங்க. ரொட்டி மலிவானா ஜனங்க கையில பாலுக்குக் காசு மிஞ்சும்."

"மாட்டுக்கு வால் எந்தப் பக்கம்னே எனக்குத் தெரியாதேடி!"

பக்கத்து வயல்காரர்களில் பாதிப் பேர் ஆலை வேலைக்குப் போனார்கள். அப்பா ஒரு வாரம் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு, நெற்றியில் வெள்ளைக் கோடு ஓடிய கிடேரி ஒன்றை ஓட்டிவந்தார்.

"அவங்க எடுத்த வரியை நான் திருப்பிக் கொண்டாந்துட்டேன், பாத்துக்க."

அதற்குப் போடும் வைக்கோலையும் கடித்துப் பார்த்துத்தான் போட்டார்.

ஒருமுறை நிலவரி அதிகாரி வந்து, "வரி கட்டியாச்சா, பெரியவரே?" என்றார்.

"விடியறப்பவே கட்டிட்டேன். கொட்டகையில நிக்குது, வந்து பாருங்க."

ஊரே சிரித்தது. அன்று முதல் எதிர்வீட்டு அத்தை, பொழுது சாய்ந்தால் வேலிக்கு மேல் தலையை நீட்டி, "வரி கட்டியாச்சா அண்ணே?" என்பாள். "கட்டியாச்சு" என்று சொல்லாமல் அப்பா ஒருநாளும் வீட்டுக்குள் போனதில்லை.

சாயங்காலம் வியாபாரியின் லாரி வந்தது. பன்னிரண்டு மாடுகளும் ஏறின. அத்தை வேலியோரம் வந்தாள்.

"வரி கட்டியாச்சா அண்..." என்று பழக்கத்தில் தொடங்கியவள், சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

வரியின் கயிறு மகளின் கையில் இருந்தது. கொட்டகைத் தூணில் அவள் போட்ட முடிச்சு இரண்டு முறை அவிழ்ந்தது. மூன்றாவது முறை நின்றது.

"கட்டியாச்சு அத்தை" என்றாள்.

வியாபாரி லாரியின் பின்பலகையைத் தூக்கி மூடினார்.